விரகனூரில் கயாக் இறக்க நினைக்கும் தம்பிக்கு



வைகையில் தண்ணீர் வந்ததும் விரகனூர் மதகணைக்குக் கீழே கயாக் விடப்போவதாக எழுதியிருக்கிறாய். ஆசை புரிகிறது. 71 அடி வைகை அணை 69 அடியைத் தொட்டு மூன்றாம் கட்ட எச்சரிக்கை வந்தால்தான் நம் ஊரில் ஆறு ஆறாகத் தெரிகிறது. அதைப் பார்த்தால் துடுப்புப் பிடித்த கை சும்மா இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன், அங்கே இறங்காதே.

பாறை ஆறு உனக்கு வழி விட்டுத்தான் ஓடும். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நாக்குப் போல நீண்டு, முனை கீழ்நோக்கி இருந்தால் அதுதான் பாதை. முனை உன் பக்கம் திரும்பியிருந்தால் அடியில் கல் கிடக்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடுமே, அந்த ‘எடி’யில் ஒதுங்கி மூச்சு வாங்கலாம், அடுத்த இறக்கத்தைப் பார்க்கலாம்.

தடுப்பணையில் இது எதுவும் கிடையாது. கரைக்குக் கரை ஒரே உயரம். மேலிருந்து விழும் தண்ணீர் அடியில் பாய்ந்து, சற்றுத் தள்ளி எழும்பி, மேற்பரப்பில் மறுபடி சுவரை நோக்கியே வரும். சிக்கிய ஆளையும் படகையும் அது திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். காற்று கலந்த நுரையில் லைஃப் ஜாக்கெட்கூட முழுதாகத் தூக்காது. மதகணையில் ஷட்டருக்கு அடியில் பீறிடும் தண்ணீரும் இப்படிச் சுருண்டு மடங்கக்கூடியதுதான். ஷட்டரை உன்னைக் கேட்டா ஏற்றி இறக்குவார்கள்? இடுப்பளவு சுவர்தானே என்று நினைக்காதே. விவரம் தெரிந்த கயாக்காரர்கள் மிகவும் அஞ்சுவது அந்தச் சாதுவான சுவருக்குத்தான். (சாக்கடை கலப்பதைப் பற்றி நான் பேசவே இல்லை.)

மதுரைக்காரனுக்கு ஒரு சலுகை உண்டு. சித்திரைத் திருவிழாத் தண்ணீர் வடிந்த பிறகு ஆற்றுக்குள் நடந்து போய், தடுப்பணைக்குக் கீழே சிமெண்ட் தளம் எங்கே முடிகிறது, மணல் எங்கே பள்ளமாக அரித்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். வற்றாத ஆற்றுக்காரனுக்கு இது வாய்க்காது.

கற்றுக்கொள்ள முதலில் அசையாத தண்ணீர் போதும். கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே நிமிர்த்தும் ‘ரோல்’ இரண்டு பக்கமும் வர வேண்டும். பிறகு கோழிக்கோடு மாவட்டத்துத் துஷாரகிரிக்குப் போ. சாலிப்புழாவும் இருவஞ்ஞிப்புழாவும் தென்மேற்குப் பருவமழையில் பாறைமேல் பாய்ந்து வரும். 2013இல் தொடங்கிய மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடப்பது அங்கேதான். ஆற்றின் கடினத்தைக் குறிக்கும் ஒன்று முதல் ஆறு வரையுள்ள தரவரிசையில் இரண்டாம் தரத் தண்ணீரில் ஆரம்பி. தவறி விழுந்தால் மல்லாந்து, கால் கீழ்நோக்கி மிதந்து போ. எழுந்து நிற்க முயலாதே, கற்களுக்கு இடையே பாதம் மாட்டிக்கொண்டால் தண்ணீர் உன்னை அழுத்திவிடும்.

போட்டி ஆசை இருந்தால் நர்மதையில் மகேஷ்வரின் சகஸ்ரதாரா இருக்கிறது. 2023இல் கேலோ இந்தியா ஸ்லாலம் அங்கே நடந்தது. கம்பங்கள் தொங்கும் வாயில்கள் வழியே துடுப்பிட்டுப் போகும் ஸ்லாலத்தில் கம்பத்தைத் தொட்டால் 2 விநாடி, வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடி அபராதம்.

ஆடி மாதம் கோழிக்கோட்டுக்குப் பஸ் ஏறு, தெரிந்தவர் ஒருவரோடு. வைகையில் வெள்ளம் வந்தால் மதுரை ஏ.வி. பாலத்தின் மேல் நின்று பார்; கயாக் வீட்டிலேயே இருக்கட்டும்.