ஒரு குடம் தண்ணீர் - இருவர் பொறுப்பு



"காசைத் தண்ணியாச் செலவு பண்ணாதே" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கோடையில் ஓடை வற்றி, ஊற்றுக்கு இறங்கிக் குடம் சுமக்கும் மலை ஊர்த் தாய்மாரைக் கேளுங்கள்; தண்ணீரைத்தான் காசுபோல எண்ணிச் செலவழிக்க வேண்டும் என்பார்கள். கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் கீழே இறங்கி, கோமுகி அணைக்கும் மணிமுக்தா அணைக்கும் வருகிறது. மலையில் மழை பொய்த்தால் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிணறுகளிலும் நீர் இறங்கிவிடும்.

வீட்டுக்கு எவ்வளவு தேவை?

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 220 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 15 குடம். ஒரு குடத்துத் தண்ணீர் மட்டுமே 15 கிலோ எடை. வீட்டில் மூன்று குடம் மிச்சமானால், 45 கிலோ சுமை யாருடைய இடுப்பிலிருந்து இறங்குகிறது? யோசித்துப் பாருங்கள்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

1. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்காதீர்கள். அன்னக்கூடையில் நீர் பிடித்து அலசுங்கள்.

2. அரிசி களைந்த நீரை மாட்டுக்குக் கழுநீராகக் கொடுங்கள்.

3. துணி அலசிய கடைசித் தண்ணீரைக் கழிப்பறைக்கு வையுங்கள். குளித்த நீரை வாழைக்குப் பாயவிடுங்கள். வாசலில் குட்டையாகத் தேங்க விடாதீர்கள்.

4. குழாய் சொட்டுகிறதா? கீழே ஒரு சொம்பை வையுங்கள். அது எவ்வளவு சீக்கிரம் நிறைகிறது என்று பார்த்தால், அன்றைக்கே வாஷர் மாற்றிவிடுவீர்கள்.

5. மழைநீரைப் பிடியுங்கள். 100 சதுர அடி மாடியிலோ ஓட்டுக் கூரையிலோ 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 90 லிட்டர், அதாவது 6 குடம் விழும். முதல் மழையில் கூரை கழுவப்படட்டும், பிறகு பிடியுங்கள்.

எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது?

"தண்ணி இல்லையே" என்று கை கழுவாமல் இருக்காதீர்கள். மலம் கழித்த பின்னும், குழந்தைக்குக் கால் கழுவிய பின்னும், சமைக்கும் முன்னும், ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒரு சொம்பு நீரை இதில் மிச்சம் பிடித்தால், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்து, கூலியும் போய், ஆஸ்பத்திரிக்கு அலைய நேரும். குடிநீரையும் குறைக்காதீர்கள். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் தாராளமாகக் குடிக்க வேண்டும். ஊற்று நீரையும் மழைநீரையும் வடிகட்டி, கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.

சேமித்த நீர் நோய் தரலாமா?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நாம் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். ஆகவே தொட்டி, டிரம், அண்டா எல்லாவற்றையும் இடைவெளி இல்லாமல் மூடுங்கள். வாரம் ஒருநாள் காலி செய்து, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

தண்ணீர் எடுப்பது பொம்பளை வேலை என்று யார் சொன்னது? மனைவி கர்ப்பமாக இருக்கும்போதும், பிரசவத்துக்குப் பிறகும் நிறைகுடத்தை நீங்கள் தூக்குங்கள். குடும்பநல அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண் குறைந்தது ஒரு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. சைக்கிளிலோ வண்டியிலோ இரண்டு குடம் கட்டிவந்தால் உங்கள் மதிப்புக் குறையாது; வீட்டில் கூடும்.

இன்று இரவு இருவரும் உட்கார்ந்து, நம் வீட்டில் எத்தனை குடம் வருகிறது, எத்தனை வீணாகிறது என்று எண்ணிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

அளவான செலவு, மூடிய பாத்திரம், பகிர்ந்த சுமை - நலமான குடும்பம்!