சிறுநீரகக் கல்: பாலை நிறுத்தலாமா?

"பால், தயிர் சாப்பிட்டா கல்லு வரும்" என்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். இது சரியா? தெரிந்துகொள்வோம்.

கல் எப்படி உண்டாகிறது?
சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் கரைந்து வெளியேறுகின்றன. இவை கூடினாலோ, தண்ணீர் குறைந்தாலோ, உப்பளத்தில் உப்பு படிவதுபோல் படிந்து கல்லாகிறது. கல்லைத் தடுக்கும் சிட்ரேட் குறைந்தாலும் வரும்.

பால் நல்லதா?
சாப்பாட்டோடு சேரும் கால்சியம், ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். பாலை நிறுத்தினால் ஆக்சலேட் சிறுநீரில் கூடும். குறைக்க வேண்டியது உப்பு, ஊறுகாய், கருவாடுதான். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

என்ன செய்யலாம்?
* "ஒதுங்க இடமில்லையே" என்று தண்ணீர் குடிக்காம இருக்காதீங்க. சிறுநீர் வெளுத்த நிறமாகப் போகணும். (இதய நோய், சிறுநீரகப் பழுது உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவே குடிக்கவும்.)
* உப்பில்லாத எலுமிச்சைச் சாறு சிட்ரேட் தரும்.
* திரும்பத் திரும்ப கல் வந்தால் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். பாராதைராய்டு சுரப்பிக் கோளாறும் காரணமாகலாம்.
* விலா வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். குழுக் கூட்டத்தில் பேசி, கிராம சபையில் தீர்மானமாகக் கொடுப்போம்!