திசைச்சொற்கள்: மூலமொழியை இனங்காணல்

மாணவர்களே, கொக்கட்டிச்சோலையில் நாளும் வழங்கும் சாவி, அலுமாரி, கந்தோர் என்பன ஐரோப்பியர் வருகையால் தமிழில் கலந்த சொற்கள். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இவ்விரு மொழிச் சொற்களையும் மாணவர் மயங்கி எழுதுவதுண்டு. பொருள் ஒத்தால் மட்டும் போதாது. ஒலியும் ஒத்துவர வேண்டும்.

1. சாவி: இலத்தீன் 'கிளாவிஸ்' இத்தாலியத்தில் 'கியாவே' எனவும், போர்த்துக்கேயத்தில் 'சாவே' எனவும் திரிந்தது. சகர முதலே சான்று. எனவே இது போர்த்துக்கேயச் சொல்.
2. அலுமாரி: போர்த்துக்கேய 'அர்மாரியோ'. ரகரம் லகரமாயிற்று, இடையே உகரம் தோன்றிற்று.
3. கந்தோர்: ஒல்லாந்த 'கன்டோர்'. 'ன்ட்' என்பது 'ந்த்' ஆயிற்று. பொருள் ஒத்த ஆங்கில 'ஒபிஸ்' இதற்கு மூலமன்று.

பயிற்சி: போர்த்துக்கேய 'மேசா', ஒல்லாந்த 'டாபல்' இரண்டும் ஒரே பொருளன. 'மேசை' எதிலிருந்து வந்தது? காரணம் தருக.