காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி யார் தருவது?

அன்புள்ள தங்கைக்கு,

சட்டப் படிப்பின் முதல் ஆண்டிலேயே நல்ல கேள்வியாகக் கேட்டிருக்கிறாய். ஆப் வழியாகக் கார் ஓட்டுகிறவர்களையும் சாப்பாடு கொண்டுவருகிறவர்களையும் காக்கச் சட்டம் போட்டால் கட்டணம் ஏறும், கடைசியில் நஷ்டம் பயணிக்குத்தான் என்று வகுப்பில் ஒரு மாணவர் வாதிட்டதாக எழுதியிருந்தாய். தொழிலாளிக்குக் கொடுப்பதெல்லாம் நுகர்வோரிடமிருந்து பிடுங்குவதுதான் என்ற அந்த எண்ணம் பலருக்கும் உண்டு. ஆனால் கடந்த பத்தாண்டுகளில் பெரிய நகரங்களில் நடந்த வழக்குகளைப் படித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். தொழிலாளியும் நுகர்வோரும் தங்கள் பாதுகாப்பை இழப்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தின் ஒரே வரியில்தான்.

அந்த வரியை முதலில் லண்டனில் பார்க்கலாம்.

ஊபர் அந்த நகரத்துக்கு 2012-இல் வந்தது. ஓட்டுநரையும் பயணியையும் சேர்த்துவைக்கும் இடைத்தரகர் மட்டுமே நாங்கள், பயண ஒப்பந்தம் அவர்கள் இருவருக்குள்தான் என்றது அதன் ஒப்பந்தம். அதாவது ஒவ்வொரு ஓட்டுநரும் தனித்தனியே தொழில் நடத்தும் ஒரு சிறு முதலாளி. இதை எதிர்த்துச் சில ஓட்டுநர்கள் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2016-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. நிறுவனம் விடாமல் மேல்முறையீடு செய்தது; ஒவ்வொரு படியிலும் தோற்றது. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் ஓட்டுநர்களுக்குச் சாதகமாக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி லெகட், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்கவில்லை; சாலையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். கட்டணத்தை முடிவு செய்வது நிறுவனம்; அதற்கு மேல் ஒரு பைசா கேட்க ஓட்டுநரால் முடியாது. ஒப்பந்த விதிகளை எழுதுவதும் நிறுவனம்தான். சவாரிகளை அடிக்கடி மறுத்தால் ஆப்பிலிருந்து சிறிது நேரம் வெளியேற்றப்படுவார். பயணி தரும் ரேட்டிங் குறைந்தால் வேலையே போகலாம். சவாரி முடிந்த பிறகு பயணியோடு தொடர்பு வைத்துத் தனக்கென வாடிக்கையாளர் சேர்க்கவும் வழியில்லை. தன் வருமானத்தைக் கூட்ட அவருக்கு இருந்த ஒரே வழி, நிறுவனத்தின் கணக்குப்படி இன்னும் கூடுதல் மணி நேரம் ஓட்டுவதுதான். இப்படிப்பட்டவரைச் சொந்தத் தொழில் செய்பவர் என்று எப்படிச் சொல்வது?

இந்தத் தீர்ப்பு அவர்களை மாதச் சம்பள ஊழியர்களாக மாற்றவில்லை என்பதைக் கவனி. பிரிட்டன் சட்டத்தில் நிரந்தர ஊழியருக்கும் சுயதொழில் செய்பவருக்கும் நடுவே ஒரு பிரிவு உண்டு. அதில் வருகிறவருக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுப்பும் கிடைக்கும். எந்த நாளில், எத்தனை மணிக்கு ஓட்டுவது என்பதை அவரே முடிவு செய்யலாம். பாதுகாப்பு வேண்டுமா, சுதந்திரம் வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தொழிலாளியை மிரட்ட வேண்டியதில்லை என்பதற்கு அந்தப் பிரிவே சான்று. தீர்ப்பு வந்த மறுமாதமே பிரிட்டனில் உள்ள சுமார் 70,000 ஓட்டுநர்களுக்கு இந்த உரிமைகளையும் ஓய்வூதியப் பங்களிப்பையும் தருவதாக ஊபர் அறிவித்தது.

இனி பயணியின் பக்கம் வா. லண்டன் போக்குவரத்து ஆணையம் 2017-இல் ஊபரின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கடுமையான குற்றப் புகார்களைத் தெரிவிக்கும் விதமும் ஓட்டுநர்களின் மருத்துவச் சான்றுகளைப் பெறும் விதமும் சரியில்லை என்பது அது சொன்ன காரணங்களில் சில. 2019-இல் மீண்டும் மறுத்தது. அப்போது வெளிவந்த செய்தி இன்னும் மோசம். அனுமதி இல்லாத ஓட்டுநர்கள் மற்றவர்களின் கணக்கில் தங்கள் படத்தை ஏற்றி, குறைந்தது 14,000 பயணங்களை ஓட்டியிருந்தார்கள். அந்தப் பயணங்களுக்குக் காப்பீடும் செல்லாது. வண்டியில் ஏறியவருக்கு இது எதுவும் தெரியாது. குறைகளைச் சரிசெய்த பிறகே நீதிமன்றம் 2020-இல் உரிமம் வழங்கியது; அதுவும் 18 மாதங்களுக்கு மட்டும்.

2021 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு தந்தது: லண்டனில் வாடகைக் கார் சேவை நடத்தும் நிறுவனம், பயணியோடு தானே நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பயணத்துக்கு நிறுவனமே பொறுப்பு. ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்ற வரி ஓட்டுநர் வழக்கில் உடைந்தது. அதே வரி பயணியின் பொருட்டும் உடைந்தது. உன் வகுப்புத் தோழரிடம் நீ முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

லண்டனில் தீராமல் நின்ற ஒரு சிக்கல் உண்டு. ஆப்பைத் திறந்து, தன் பகுதியில், சவாரி எடுக்கத் தயாராக இருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என்றது உச்ச நீதிமன்றம். ஊபரோ சவாரியை ஏற்ற நொடியிலிருந்துதான் குறைந்தபட்ச ஊதியத்தைக் கணக்கிடுவோம் என்றது. இந்தத் துறையின் பெரிய சண்டை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. துணிக்கடையில் மதியம் இரண்டு மணிக்கு ஆள் வரவில்லை என்பதற்காக விற்பனைப் பெண்ணின் சம்பளத்தில் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடிப்பதில்லை. ஆப் உலகத்தில் அதைப் பிடிக்கிறார்கள். காத்திருக்கும் வண்டிகள் அதிகமாக இருந்தால் பயணிக்கு இரண்டே நிமிடத்தில் வண்டி வரும். நிறுவனத்துக்கும் நல்ல பெயர். அந்த வேகத்துக்கான செலவை ஏற்பது சும்மா நிற்கும் ஓட்டுநர். காத்திருப்புக்கு நிறுவனம் எதுவும் தர வேண்டியதில்லை என்றால், தேவைக்கு மேல் வண்டிகளைச் சேர்ப்பதை அது எதற்காக நிறுத்த வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நியூயார்க் நகரம் கணக்குப் போட்டு விடை கண்டது. ஜேம்ஸ் பாரட், மைக்கேல் ரெய்ச் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் நகரின் டாக்ஸி ஆணையத்துக்காக 2018-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆப் நிறுவனங்கள் ஒவ்வொரு சவாரியைப் பற்றியும் அந்த ஆணையத்துக்குத் தரவு தர வேண்டும் என்ற விதி அங்கே முன்பே இருந்ததால், ஊகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஓட்டுநரின் நேரத்தில் ஏறத்தாழ 58 சதவீதம்தான் பயணியோடு கழிகிறது என்று தெரிந்தது. ஒரு மணியில் சுமார் 35 நிமிடம் சம்பாத்தியம். மீதி 25 நிமிடம் வெறும் வண்டி.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி இந்த 58 சதவீதத்தைக் கூலிச் சூத்திரத்துக்குள்ளேயே வைத்தது. சவாரியின் தூரத்துக்கும் நேரத்துக்கும் உரிய தொகையை அந்த விகிதத்தால் வகுக்க வேண்டும். வண்டிகள் சும்மா நிற்கும் நேரம் கூடினால் விகிதம் குறையும். ஒரு சவாரிக்கு நிறுவனம் தர வேண்டிய தொகை ஏறும். செலவு போக மணிக்கு 17.22 டாலர் கையில் நிற்க வேண்டும் என்பது இலக்கு. அதற்கு முன் 85 சதவீத ஓட்டுநர்கள் அதற்குக் குறைவாகவே சம்பாதித்தார்கள். கட்டணம் ஓரளவு ஏறியது உண்மைதான். உன் தோழர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் முன்பும் அந்தச் செலவு இருந்தது, பில்லில் வராமல் ஓட்டுநரின் வீட்டுக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2024-இல், தேவை குறைந்த நேரங்களில் ஓட்டுநர்களை ஆப்புக்கு வெளியே பூட்டிவைத்து விகிதத்தை உயர்த்தப் பார்த்தன. ஒரு நல்ல விதியை எழுதிவிட்டு அரசு தூங்கிவிட முடியாது. தரவைத் தொடர்ந்து வாங்க வேண்டும், விதியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

தரவு என்றதும் ஸ்பெயினையும் சொல்லியாக வேண்டும். உணவு கொண்டுசெல்வோரை ஊழியர்களாகக் கருத வேண்டும் என்று 2021-இல் அங்கே சட்டம் வந்தது. வேலை நிலையைப் பாதிக்கும் முடிவுகளைக் கணினி நிரல் எடுக்கிறது என்றால், அது எந்த அடிப்படையில் எடுக்கிறது என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்ல வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கட்டளையிட்டது. உணவு கொண்டுசெல்லும் டெலிவரூ நிறுவனம் அந்த ஆண்டே ஸ்பெயினை விட்டுப் போனது. அதே தொழில் செய்யும் குளோவோ பல ஆண்டுகள் முரண்டு பிடித்து, 2024 டிசம்பரில் தன் ஆட்களை ஊழியர்களாக எடுப்பதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஏற்ற நெறிமுறையும் அதே வழியில் செல்கிறது. ஒருவரின் கணக்கை மூடும் முடிவை இயந்திரம் தானாக எடுக்கக் கூடாது, மனிதர்தான் எடுக்க வேண்டும். 2026 டிசம்பருக்குள் உறுப்பு நாடுகள் இதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும்.

நம் ஊர்த் தொழிலாளர்கள் ‘ஐடி பிளாக்’ என்று சொல்வது இப்படிக் கணக்கு மூடப்படுவதைத்தான். காரணம் சொல்லாமல் ஒரு காலையில் ஆப் திறக்க மறுக்கும். வண்டிக் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். கர்நாடகம் 2025-இல் கொண்டுவந்த சட்டம் இங்கே கை வைத்தது. வேலையை விட்டு நீக்க 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்கு நிறுவனம் கட்ட வேண்டும். அதற்கு முன் 2023-இல் ராஜஸ்தான், ஆப் வழியாக வேலை செய்யும் ‘கிக்’ தொழிலாளர்களுக்கான இந்தியாவின் முதல் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாடு அதே ஆண்டு கிக் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரில் அவர்களுக்குக் குளிரூட்டப்பட்ட ஓய்விடம் திறந்தது. நிதி ஆயோக் கணக்குப்படி 2020-21-இல் நாட்டில் 77 லட்சம் பேர் இத்தகைய வேலையில் இருந்தார்கள், 2029-30-இல் 2.35 கோடி ஆவார்கள் என்றது அதன் அறிக்கை.

மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வாடகை வாகன வழிகாட்டுதலையும் எடுத்துப் படி. நெரிசல் நேரக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது பயணிக்கு. சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம், 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு, 10 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு என்பவை ஓட்டுநருக்கு. இரண்டும் ஒரே ஆவணத்தில் உள்ளன. ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதாக அதில் எங்கும் இல்லை. ஆனால் நியூயார்க்கின் 58 சதவீதத்தைப் போலக் காத்திருப்பை எண்ணும் கணக்கை அதில் தேடினால் உனக்குக் கிடைக்காது.

விடுமுறையில் லண்டன் ஓட்டுநர்கள் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை முழுதாகப் படித்துவிடு. எளிய ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. பிறகு கர்நாடகச் சட்டத்தை அதன் பக்கத்தில் வைத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடு. விலையை முடிவு செய்பவர் யார்? விபத்து நடந்தால் பயணிக்குப் பதில் சொல்பவர் யார்? ஆர்டர் வராத மதிய வேளைக்குக் காசு தருபவர் யார்? குறிப்பெடுத்து அனுப்பு. கல்லூரி விவாத மேடைக்குப் போகும் முன் நாம் இருவரும் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்