நெடுநாள் நின்ற மோட்டார் வண்டியை எழுப்புதல்

உயிருள்ளவை உறங்கினால் வலிவு பெறும். யந்திரமோ உறங்கினால் வலிவிழக்கும். ஓடித் தேய்ந்த வண்டியைக் காட்டிலும் ஓடாது நின்று கெட்ட வண்டியே பழுது பார்ப்போர்க்கு மிகுந்த தொல்லை தருவது. “நிறுத்திய அன்று நன்றாக ஓடிய வண்டிதான்” என்று அதற்குரியவர் கூறுவர். அஃது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் துருவும் ஈரமும் எலியும் ஓய்வின்றி வேலை செய்துள்ளன. அவ்வேலை யாது, அதனை எம்முறையில் நீக்குதல் வேண்டும் என்பதைக் காற்றினால் குளிரும் வண்டியொன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நாம் கொள்ளும் எடுத்துக்காட்டு, ஜெர்மனியில் பெர்டினாண்டு போர்ஷே என்பார் 1930-களில் வகுத்த வோக்ஸ்வாகன் வண்டியாம். அதன் உருவம் நோக்கி மக்கள் அதனை ‘வண்டு’ என்றே அழைத்தனர். 1938-இல் அதன் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. உலகப் போர் முடிந்தபின், 1945-இல் பிரிட்டிஷ் இராணுவத்தாரின் மேற்பார்வையில் வேலை மீண்டும் தொடங்கிற்று. 2003 ஜூலையில் மெக்ஸிகோ நாட்டுப் புவெப்லா நகரில் கடைசி வண்டி வெளிவரும் வரையில், 2 கோடியே 15 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுட் பல இன்றும் கொட்டகைகளில் தூசி படிந்து நிற்கின்றன.

இவ்வண்டியின் எஞ்சின் பின்புறத்தில் உள்ளது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்திற்கு இரண்டாக, எதிரெதிரே படுத்த நிலையில் அமைந்துள்ளன. அவற்றைக் குளிர்விக்கத் தண்ணீர் இல்லை. பெல்ட்டினால் சுழலும் டைனமோவின் தண்டிலேயே ஒரு விசிறி பொருத்தப்பட்டுள்ளது. அது காற்றைச் சிலிண்டர்களின் மேலுள்ள மெல்லிய விளிம்புகளினூடே செலுத்துகிறது. சற்றேறக்குறைய 2.5 லிட்டர் எண்ணெய், உறுப்புகளை வழுவழுப்பாக்குவதோடு வெப்பத்தையும் சுமந்து செல்கிறது. ஆகவே காற்றும் எண்ணெயுமே இவ்வெஞ்சினுக்கு உயிர். தண்ணீர் வண்டியாயின் கொதித்து ஆவி விட்டு எச்சரிக்கும். இதுவோ வாய் திறவாமல் வெந்து கெடும்.

இத்தகைய வண்டியைக் கண்டவுடன் பாட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்புதலே பலரும் செய்யும் முதற்பிழை. பிஸ்டன் வளையங்கள் துருவினால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டரின் வலிமையால் அவற்றை இழுப்பின், வளையம் முறியும், சிலிண்டரும் கீறும். ஆதலால் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துவாரங்களின் வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விடல் வேண்டும். சிலிண்டர்கள் படுத்திருப்பதால் எண்ணெய் அடிப்புறத்திலேயே தங்கும். அது மெல்லப் பரவி ஊறுதற்குச் சில நாட்கள் விடுதல் நலம். பின்னர் கியரை நடுநிலையில் வைத்து, கிராங்க் தண்டின் முனையிலுள்ள கப்பியை ஸ்பானரால் கையாற் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடை தோன்றினால் நிறுத்தி, மீண்டும் ஊறவிட வேண்டுமேயன்றி வலிந்து திருப்பலாகாது.

எஞ்சின் கையாற் சுழன்றதெனின், அடுத்துக் காற்றின் வழியை நோக்குக. விசிறிக் கூட்டினுள் எலிகள் வைக்கோலும் பஞ்சும் திணித்துக் கூடு கட்டுதல் மிக இயல்பு. வெளியிலிருந்து நோக்குவார்க்கு அது புலப்படாது. அக்கூட்டைக் கழற்றாமல் ஓட்டினால், அடைபட்ட சிலிண்டர் சில மைல் தொலைவிலேயே கெடலாம். மேலும், எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர் ஓரங்களையும் வேண்டாதன என்று சிலர் எறிந்துவிடுவர். சுட்ட காற்று மறுபடி விசிறிக்குள் புகாமல் தடுப்பவை அவையே.

பின்பு பழைய எண்ணெயை வடித்து, அடியிலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுதல் வேண்டும். அதில் உலோகத் துணுக்குகள் தென்படின், உள்ளே கேடு உண்டென்று அறிந்து எஞ்சினைப் பிரித்துப் பார்த்தல் கடன். வால்வு இடைவெளியையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும். பிற்கால எஞ்சின்களுக்கு அது 0.15 மில்லிமீட்டர். இடைவெளி குறைந்தால் வால்வு முற்றும் மூடாது. மூடாத வால்வு கருகும்.

இனிப் பெட்ரோலைப் பற்றிய பகுதி. உயிருக்கு ஆபத்து விளைவது இங்கேதான். நாட்பட்ட பெட்ரோல் நாற்றமெடுத்துப் பிசினாய் மாறிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். தொட்டியை வடித்துத் துரு நீக்குக. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுக. ரப்பர்க் குழாய்களை மட்டும் சோதித்துப் பாராமலே புதிதாக மாற்றிவிடுக. வெளியே நன்றாகத் தோன்றும் குழாய், பெட்ரோல் பாய்ந்தவுடன் வெடித்துக் கசியும். கசிந்தது சூடான எஞ்சின்மேல் விழுந்து தீப்பற்றும். எஞ்சினின் உடற்பகுதி மக்னீசியம் கலந்த உலோகத்தாலாயது. அது பற்றியபின் தண்ணீர் ஊற்றினால் தீ வளருமேயன்றித் தணியாது. சிறு விலைக் குழாயைப் பேணாது முழு வண்டியையும் இழந்தோர் பலர்.

பாட்டரி பின் ஆசனத்தின் கீழ் உள்ளது. ஆசனத்தின் கம்பிச் சுருள் பாட்டரி முனைகளைத் தொட்டாலும் தீ உண்டாகும். ஆதலால் முனைகளை மூடி வைத்தல் இன்றியமையாதது. முற்பட்ட வண்டிகள் 6 வோல்ட்டும் பிற்பட்டவை 12 வோல்ட்டும் உடையன என்பதையும் மறவற்க. டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள காண்டாக்ட் பாயிண்டுகளில் களிம்பு படிந்திருக்கும். அதைத் துடைத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டராக அமைத்தல் வேண்டும்.

இவ்வளவும் ஆன பின்னரே ஸ்டார்ட்டரைத் தொடலாம். அப்போதும் பிளக்குகள் வெளியிலேயே இருக்கட்டும். தீப்பொறி எழாதபடி காயிலின் இணைப்பை நீக்கி விடுக. எண்ணெய் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டுச் சுழற்றினால், சுமை ஏறுமுன்னரே எண்ணெய் எங்கும் பரவும். பிறகு பிளக்குகளைப் பொருத்தி, தீயணைக்கும் கருவியை அருகில் வைத்துக்கொண்டு எஞ்சினை எழுப்புக. டைனமோ விளக்கு ஓட்டத்தின் நடுவே எரியுமாயின் உடனே நிறுத்துக. பெல்ட் அறுந்திருந்தால் விசிறியும் நின்றிருக்கும்.

எஞ்சின் ஓடிற்று என்று களித்து வீதிக்கு ஏகுவது இறுதிப் பிழை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அவ்வீரத்தால் சக்கரத்திலுள்ள பிரேக் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகும். பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் சுற்று ஒன்றே; ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் கைவிடும். டயர்களும் ஓடாமலே முதுமையடைந்து வெடிக்கும். நிற்க அறியாத வண்டி ஓடாதிருத்தலே நன்று.

பன்னாள் பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சியே வார்ப்பர், விருந்து இடார். நெடுநாள் நின்ற யந்திரத்திற்கும் முறை அதுவே. அதனை ஓட்டுதல் முதல் வேலையன்று, கடைசி வேலை. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. ஒரு வாரம் பொறுத்தவன் பல்லாண்டு ஓட்டுவான். ஒரு நிமிஷம் பொறாதவன் இரும்பு விலைக்கு விற்பான்.