பார்க்காத ஆளுக்கு ஐந்து தடவை ஹிஜாமா

கேள்வி: நான் பதிவு பெற்ற யூனானி வைத்தியர். சவளக்கடையில் சிறிய கிளினிக் நடத்துகிறேன். தோலைக் கீறிக் கப் வைத்து இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவுக்குத் தடவைக்கு 2,500 ரூபா எடுக்கிறேன். கல்முனையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒருவர், பெருநாள் வியாபாரத்தோடு எனக்கும் வவுச்சர் விற்றுத் தருகிறார். ஐந்து தடவைக்கு 7,500 ரூபா. நோன்புப் பெருநாளைக்குள் எடுத்து முடிக்க வேண்டும். வவுச்சர் ஒன்றுக்குக் கடைக்கு 1,500. கொஞ்சம் விற்றும் விட்டது. என்னோடு படித்த ஒருவர் இது தொழிலுக்கு அழகில்லை என்கிறார். விலை குறைப்பது பிழையா?

பதில்: விலை குறைப்பதில் பிழையில்லை, மகள். வேளாண்மை வெட்டி நெல் விற்கும் வரைக்கும் கையில் காசு புழங்காத குடும்பங்கள் உங்கள் பக்கம் நிறைய. அவர்களிடம் குறைத்து வாங்குங்கள், சிலரிடம் வாங்காமலும் விடுங்கள்.

வவுச்சர் வாங்கும் ஆளை நீங்கள் இன்னும் கண்ணால் காணவில்லை என்பதுதான் என் கவலை. அவருக்கு ஹிஜாமா வேண்டுமா, ஒரு தடவை போதுமா, தொடவே கூடாதா என்பதை நாடி பார்த்து, விசாரித்து, நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இங்கே அந்தத் தீர்மானம் புடவைக்கடைக் கல்லாவில் முடிந்துவிட்டது. இடுப்பு வலியென்று வருபவர் இதய வருத்தத்துக்கு வாபரின் குளிசை குடிப்பவராக இருந்தால், கீறிய இடத்தில் இரத்தம் லேசில் நிற்காது. இரத்தச்சோகை உள்ளவர், கர்ப்பிணி, சீனி வருத்தத்தால் புண் ஆறாதவர் எல்லோரும் அதே வவுச்சரோடு வருவார்கள். “காசு கட்டியாச்சே டொக்டர்” என்று நிற்பவரைத் திருப்பி அனுப்ப எத்தனை பேருக்கு மனம் வரும்?

கெடுவையும் பாருங்கள். பெருநாளைக்குள் முடிக்க வேண்டுமென்றால் சனம் நோன்பு பிடித்துக்கொண்டே வரும். ஷாபிஈ மத்ஹபில் ஹிஜாமா நோன்பை முறிக்காது, ஆனால் ஆளைத் தளர்த்துமென்றால் அது வெறுக்கத்தக்கது. அதிலும் பிறை 17, 19, 21 என்று நாள் பார்த்து ஒன்றாகக் குவிவார்கள். கடைக்குக் கொடுத்தது போக உங்களுக்குத் தடவைக்கு 1,200 ரூபாதான் மிஞ்சும். ஆளுக்கு ஆள் புதிய பிளேட், புதிய கப், புதிய கையுறை என்ற ஒழுங்கு தளர்வது இப்படியான நாளில்தான். ஹெபடைட்டிஸ் பி பரவ அந்த ஒரு தளர்வு போதும்.

கடைக்குக் கொடுக்கும் 1,500 எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆள் பிடித்துத் தருவதற்குச் சிகிச்சைக் காசில் பங்கு அது. குரூப்பான் போன்ற கூப்பன் கம்பனிகள் பரவிய காலத்தில் அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் இதே ஏற்பாட்டைத்தான் கட்டணத்தைப் பங்கு போடுவதாகக் கண்டித்தது. அவுஸ்திரேலியாவில் நோயாளிக்கு விலைக் கழிவு கொடுக்கத் தடையில்லை, நிபந்தனைகளை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். ஆனால் தேவையில்லாத சிகிச்சைக்கு ஆளைத் தூண்டும் விளம்பரம் அங்கே குற்றம். 2012 முதல் சீன மருத்துவ முறை வைத்தியர்களும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். நமது நாட்டில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் யூனானியையும் சேர்த்தே ஆள்கிறது. உங்கள் பதிவு ஆயுர்வேத மருத்துவ சபையின் கையில் இருக்கிறது. உங்களோடு படித்தவர் சொன்னதை இலேசாக எடுக்க வேண்டாம்.

கழிவு கொடுக்கத்தான் வேண்டுமென்றால் முதல் தடவை பார்ப்பதற்கான கட்டணத்தைக் குறையுங்கள். கெடு வேண்டாம், ஐந்து தடவைக் கட்டு வேண்டாம், தரகும் வேண்டாம். பார்த்த பிறகு என்ன தேவையோ அதற்கு மட்டும் காசு எடுங்கள். அதையும் கட்ட முடியாதவருக்கு நிந்தவூர் ஆயுர்வேத வைத்தியசாலையைக் காட்டுங்கள், அது அரசாங்கத்தினுடையது.

விற்றுப்போன வவுச்சர்களுக்கு: கடைக்காரரிடம் பெயர்ப் பட்டியலை வாங்கி ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காசில்லாமல் பாருங்கள். என்ன குளிசை குடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஹிஜாமா ஒத்துவராதவருக்கு 7,500ஐயும் முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். ஒரு தடவை போதுமானவருக்கு மீதி நான்குக்கான 6,000ஐக் கொடுங்கள். கடைக்குப் போன 1,500ஐக் கடைக்காரர் திருப்பித் தராவிட்டாலும், அந்த நட்டம் உங்களுடையதுதான். நோயாளியின் கணக்கில் அதைக் கழிக்க வேண்டாம்.