சண்டை பிடிக்காதவருக்கு ஒரு ஹாங்காங் படம்

ஹாங்காங் போலீஸ் படங்களை நண்பர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்குச் சண்டைக் காட்சி என்றாலே அலுப்பு. எதைப் பார்க்கலாம்?
– வாசகர், திருச்சி

2002-ல் வந்த 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' உங்களுக்காகவே எடுத்த மாதிரி இருக்கும். சண்டை கொஞ்சம்தான். போலீஸுக்குள் ஒரு ரவுடி, ரவுடிக் கூட்டத்துக்குள் ஒரு போலீஸ். இருவரும் ஒருவரையொருவர் தேடுகிறார்கள். டோனி லியுங்கின் தூக்கம் கெட்ட கண்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மார்ட்டின் ஸ்கோர்செஸி இதைத்தான் 'தி டிபார்ட்டட்' ஆக்கி ஆஸ்கர் வாங்கினார்.

அப்புறம் மனசு மாறினால் ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' (1985). கடைசியில், விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தைப் பிடித்து வணிக வளாகத்தின் மேல்மாடியிலிருந்து சறுக்குவார். டூப் இல்லை, உள்ளங்கை வெந்துபோனது நிஜம்.

டப்பிங் பக்கம் போகாதீர்கள். கான்டனீஸிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள். அந்த வசவின் வேகமே தனி!